ஒட்டாத நோய்

மேசை விளக்கின் வெள்ளை வெளிச்சம் பரிசோதனை அறிக்கையின் மேல் விழுகிறது. மூன்று வருடமாக இதே அறையில் "எல்லாம் மனசுதாம்மா" என்று சொல்லி அனுப்பிய டாக்டர், இன்று தானே கண்டுபிடித்ததைப் போன்ற பெருமையோடு வாசிக்கிறார். "குடல்ல இருக்க வேண்டிய நல்ல பாக்டீரியா ரொம்பக் கம்மியா இருக்கு. இந்த அசதிக்கும் அதுக்கும் தொடர்பு இருக்கலாம்." சுவரில் தலை சாய்த்திருப்பவளுக்கு நிமிர்ந்து உட்காரக்கூடத் தெம்பில்லை. எவ்வளவு தூங்கினாலும் தீராத அந்தக் களைப்புக்கு நடிப்பு என்று பெயர் வைத்த கணவன், இப்போதுதான் கைபேசியிலிருந்து கண்ணை எடுக்கிறான். "ஒட்டிக்குமா டாக்டர்?" "இல்லாதது எப்படிங்க ஒட்டும்?" எல்லாம் புரிந்தவனைப் போல அவன் தலையாட்டுகிறான். பிறகு தன் நாற்காலியை அவளிடமிருந்து அரை அடி தள்ளிப் போட்டுக்கொள்கிறான். அதன் கால் தரையில் கிறீச்சிடுகிறது. அவள் கண்ணைத் திறக்காமலேயே சொல்கிறாள்: "இன்னும் கொஞ்சம் தள்ளியே உக்காருங்க."