தாமான் தகவலுக்குக் கடைசிக் கூட்டம்

மூன்றாவது பேருந்தும் நிறைந்து வந்து நின்றதைப் பார்த்ததும் மகேந்திரனுக்கு மனசு குளிர்ந்தது. ஈப்போ நகரின் குனோங் ராபாட் பொது மண்டபத்து வாசலில் நின்றுகொண்டு, இறங்கியவர்களையெல்லாம் மாப்பிள்ளை வீட்டாரைப்போல் கும்பிட்டு வரவேற்றார். இன்றோடு 'தாமான் தகவல்' பத்திரிகை ஒழிந்தது என்று முடிவு கட்டிவிட்டார்.

"எங்கடா பிடிச்ச இத்தனை பேர?" என்று தேவனிடம் கிசுகிசுத்தார். தேவன் போன மாதம்தான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தவன்.

"ஜெலாப்பாங் பிளாட்டு ஆளுங்க பாஸ். ஒரு பஸ்ஸுக்குத்தான் கேட்டேன். உங்க பேரச் சொன்னதும் அவங்களே மத்தவங்களையும் கூட்டிக்கிட்டு வந்துட்டாங்க லா. இந்தா, கருப்பம்மா அக்காதான் எல்லாத்தையும் சேத்தாங்க."

"ஐயாவுக்காகத்தான் வந்தோம்" என்றாள் கருப்பம்மாள்.

தன் பேருக்கு இப்படி ஒரு மவுசா என்று மகேந்திரன் மீசையைத் தடவிக்கொண்டார்.

'தாமான் தகவல்' தாமான்கள் எனப்படும் அந்த வட்டாரத்துக் குடியிருப்புகளின் ஜனங்கள் சங்கமாகச் சேர்ந்து, லாபம் பார்க்காமல் நடத்தும் மாதப் பத்திரிகை. அடைத்த சாக்கடை, எரியாத தெருவிளக்கு என்று எழுதிக்கொண்டிருந்தவரை மகேந்திரன் அதைச் சட்டை செய்ததே இல்லை. போன வருஷம் மாநகர் மன்ற உறுப்பினர் பதவி அவருக்குக் கிடைக்கவிருந்த நேரத்தில்தான் அது வாலை ஆட்டியது. சிம்பாங் பூலாய் பக்கம் பழைய ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தை, குடியிருந்தவர்களுக்கு மாற்று வீடு கொடுக்காமலேயே அவர் இடித்துத் தள்ளிய கதையை முதல் பக்கத்தில் போட்டது. பதவி வேறொருவருக்குப் போய்விட்டது.

அன்று பற்றிக்கொண்ட வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. பகலில் பல் கிளினிக்கில் வேலை பார்த்துக்கொண்டு, சம்பளமில்லாமல் பத்திரிகைக்கு ஆசிரியராக இருக்கும் அந்தச் சரளா அழுவதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். வழக்குப் போடலாமென்றால், எழுதியதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை.

அப்போதுதான் வேறு வழி தோன்றியது. ஈப்போவில் குடியிருந்து சந்தா கட்டும் எவரும் சங்கத்தின் உறுப்பினர். உறுப்பினருக்கு ஓட்டு உண்டு. பெரும்பான்மை நினைத்தால் சங்கத்தையே கலைத்துவிடலாம். ஆள் இறக்கி ஒரு கோயில் கமிட்டியையே கைப்பற்றிய மனிதருக்கு ஒரு பத்திரிகை எம்மாத்திரம்? தேவனை விட்டு ஆள் திரட்டி, அத்தனை பேருக்கும் சந்தாவைத் தாமே கட்டி முடித்தார்.

மேடையோரம் நின்றிருந்த சரளாவைத் தேடிப் போய்ப் பேச்சுக் கொடுத்தார்.

"என்னம்மா, சங்கத்துல ஆளே சேர மாட்டேங்கிறாங்கன்னு எழுதி எழுதி அழுதியே. பாத்தியா, நான் சேத்து விட்டுட்டேன்."

"அண்ணே, பகைய எம்மேல வச்சுக்குங்க. பத்திரிகைய விட்டுடுங்க" என்றாள் சரளா. "இந்த ஜனங்களுக்கு ஒரு கஷ்டம்னா சொல்றதுக்கு வேற எடம் இல்ல."

"என் பதவிய நீ விட்டியா?"

மகேந்திரன் முன்வரிசையில், அவள் முகம் நன்றாகத் தெரியும் நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார். பிரியாணிப் பொட்டலங்கள் பின்னால் மேசையில் அடுக்கியிருந்தன. கை தூக்கிவிட்டு ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு போகலாம் என்று ஏற்பாடு.

சரளா ஒலிபெருக்கியைப் பிடித்தாள்.

"சங்கத்தைக் கலைச்சு, பத்திரிகைய நிறுத்தணும்னு ஒரு தீர்மானம் வந்திருக்கு. ஆதரிக்கிறவங்க கையத் தூக்குங்க."

மகேந்திரன் முதல் ஆளாகக் கையை உயர்த்தினார். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வருஷமாக எதற்காகக் காத்திருந்தாரோ, அதை ஒரு நொடிகூடத் தவறவிட அவருக்கு மனமில்லை.

சரளாவின் கண்ணில் நீர் திரண்டு வழிந்தது. அவருக்கு அப்படியொரு சந்தோஷம். ஆனால் அழுதுகொண்டே அவள் சிரிக்க ஆரம்பித்தாள்.

மகேந்திரன் திரும்பினார். தேவனுடைய கை ஒன்றுதான் மேலே நின்றது. முதலாளியின் முகத்தைப் பார்த்ததும் அதுவும் மெதுவாக இறங்கியது.

"இப்பத்தாம்மா தூக்கணும். இப்ப" என்றார் மகேந்திரன். ஒருவரும் அசையவில்லை.

"கலைக்க வேணாங்கிறவங்க?" என்று கேட்டாள் சரளா.

மண்டபம் முழுக்கக் கைகள் எழுந்தன. ஒரு பெரியவர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். ஒன்றை இறக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

மகேந்திரன் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு நேரே கருப்பம்மாளிடம் போனார்.

"பஸ் விட்டேன். சந்தா கட்டுனேன். சாப்பாடும் வாங்கி வச்சிருக்கேன். எனக்கே துரோகம் பண்றீங்களா? யாரு நீங்கள்லாம்?"

கருப்பம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்? எங்க லயத்த இடிக்கிறப்ப நீங்க கார விட்டு எறங்கவே இல்லியே."