இரண்டாவது தட்டு

லாரி பின்னால் வரும்போது அதன் பலகையில் இரண்டு தட்டு தட்டினால் வரலாம், ஒரு தட்டு என்றால் நிற்க வேண்டும். லோடுமேன் சுடலைமணி தட்டுவார், டிரைவர் அந்தோணிமுத்து கேட்பார். பதினோரு வருடமாக இப்படித்தான். இன்று லாரி இடித்து குடோன் சுவர் பாதி விழுந்துவிட்டது.

"யாரு மேல தப்போ, அவரு நாளையிலருந்து வர வேண்டாம்" என்றார் முதலாளி.

"ரெண்டு தட்டு கேட்டுச்சு, வந்தேன்" என்றார் அந்தோணிமுத்து.

"நிப்பாட்டச் சொல்லி ஒண்ணுதான் தட்டுனேன் வே. வேணும்னா பாரும்."

லாரியின் பக்கப் பலகையில் படிந்திருந்த சிமெண்ட் தூசியில் ஒரே ஒரு கை பதிந்திருந்தது.

"அதே எடத்துல ரெண்டு வாட்டி தட்டியிருப்பீரு."

"என் கை என்ன ரப்பர் ஸ்டாம்பா?"

முதலாளி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"காலையில தட்டுன மாதிரியே தட்டும், பாப்போம்."

லாரி மெல்லப் பின்னால் வந்தது. சுடலைமணி ஒரு தட்டு தட்டினார். முதலாளியின் கால் பிரேக்குக்குப் போனது. அதற்குள் லாரியின் பின்பக்கம் மிச்சச் சுவரில் லேசாக முட்டி, டப் என்றது. முதலாளி பிரேக்கிலிருந்து காலை எடுத்தார்.

மிச்சச் சுவரும் விழுந்தது. தூசி அடங்கியதும் முதலாளி இறங்கி வந்தார்.

"ரெண்டு கேட்டுச்சே" என்றார்.

சாவியை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பலகையில் இப்போது இரண்டு கைகள் பதிந்திருந்தன.