வேலிக்கு இந்தப் பக்கம்

"பாஸ்டருக்குப் பழைய வேலை மேல மறுபடி ஆசை வந்துட்டுது. இனி நம்மகிட்ட தங்கமாட்டார்."

ஞாயிறு ஆராதனை முடிந்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தபோது மூப்பர் அனிபால் இப்படி ஆரம்பித்தார்.

பாஸ்டர் ஹொசுவே விமானியாக இருந்தவர். சம்பளம், சீருடை, மரியாதை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, டெக்ஸாஸின் தென்கோடியில் இருக்கும் இந்த ஊருக்கு முழுநேர ஊழியத்துக்கு வந்தவர். சபை என்றால், துணி துவைக்கும் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. வருகிறவர்கள் கூரை போடுகிறவர்கள், ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவர்கள், ஸ்பானிஷ் தவிர வேறு பாஷை வாயில் நுழையாதவர்கள். இவ்வளவு படித்தவர் நம்மைத் தேடி வந்தாரே என்று அப்போது எல்லாருக்கும் பெருமை.

இப்போது சந்தேகம். செவ்வாய்க்கிழமை உபவாச ஜெபத்தைப் பாதியில் மனைவி மரிசோலிடம் ஒப்படைத்துவிட்டு மனுஷன் விமான நிலையத்துக்குக் கிளம்பிவிடுகிறார். அந்தப் பக்கம் சபையில் பாதிப் பேர் தலைவைத்துப் படுக்கமாட்டார்கள். சீருடைக்காரர்கள் நடமாடும் இடம், இவர்களிடமோ குடியுரிமைத் தாள் கிடையாது. சரக்கு ஏற்றப் போன ஒருவன்தான் பார்த்துவிட்டு வந்து சொன்னான். பாஸ்டர் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு ஓடுபாதையையே பார்த்தபடி நின்றாராம். கண்ணைத் துடைத்துக்கொண்டாராம்.

"நீ போய்க் கேளு, ராமிரோ. உனக்குத்தான் முகத்துக்கு நேரா பேச வரும்" என்றார் அனிபால்.

டயர் கடை ராமிரோவைத் தள்ளிவிட வேண்டிய அவசியமே இல்லை. அவன் மனசில் வேறொரு கோபம் மாதக்கணக்கில் கிடந்தது.

அவன் தம்பி தாரியோ, சபையில் கித்தார் வாசித்தவன். ராமிரோவுக்குக் குடியுரிமை இருந்தது, தம்பிக்கு இல்லை. சாலையில் போலீஸ் வண்டியை நிறுத்தி விசாரித்ததில் மாட்டிக்கொண்டான். ஊருக்கு வெளியே தடுப்பு முகாமில் வைத்திருந்தார்கள். வாராவாரம் ராமிரோ போய்க் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பேசிவிட்டு வருவான். ஒரு செவ்வாய்க்கிழமை போனபோது, விடியற்காலையிலேயே கொண்டுபோய்விட்டோம் என்றார்கள். எங்கே என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

பித்துப் பிடித்தவன்போல நேரே பாஸ்டர் வீட்டுக்கு ஓடி, தம்பியைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று வாசலிலேயே கத்தினான். விமான நிலையத்துக்குப் போயிருக்கிறார் என்றாள் மரிசோல். அதற்குமேல் அவள் ஏதோ சொல்ல வந்ததைக் கேட்க அவன் நிற்கவில்லை. என் தம்பியை நாடு கடத்துகிறார்கள், இவர் விமானம் வேடிக்கை பார்க்கப் போயிருக்கிறாரே என்று திட்டிக்கொண்டே திரும்பினான்.

அன்றுமுதல் பாஸ்டர் முகத்தை அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்வான். பாட்டு ஆரம்பித்தால், இல்லாத கித்தாரைத்தான் அவன் காது தேடும். கடையில் யாராவது சீட்டியடித்தால் தம்பிதானோ என்று சட்டென்று திரும்புவான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ராமிரோ விமான நிலையத்துக்குப் போனான். வெயிலில் தொப்பியோடு வேலியோரம் நின்றிருந்தார் பாஸ்டர்.

"சபையில உங்களைப் பத்திப் பேசறாங்க, பாஸ்டர்."

"தெரியும், பிரதர்."

"ஆசையிருந்தா போயிடுங்க. இங்க யாரும் உங்களைக் கட்டிப்போடல. ஒரு கால் இங்க, ஒரு கால் அங்கன்னு மட்டும் நிக்காதீங்க."

பாஸ்டர் கைகாட்டினார். ஓடுபாதையின் ஓரத்தில் பேர் எழுதாத வெள்ளை விமானம் ஒன்று நின்றது. அதன் பக்கத்தில் பேருந்துகள் வந்து நின்றன. வரிசையாக ஆட்கள் இறங்கினார்கள். கையிலும் காலிலும் சங்கிலி. படிக்கட்டில் ஒவ்வொரு படியாகத் தடுமாறி ஏறினார்கள்.

"நான் ஓட்டின விமானம் இதுக்குப் பக்கத்துலதான் நிக்கும்" என்றார் பாஸ்டர். "என் பயணிகளை வழியனுப்பக் கண்ணாடிக்குப் பின்னாடி சனம் நிக்கும். அழும், முத்தம் குடுக்கும். இதுல ஏறினவங்களுக்கு ஒருத்தரும் இல்ல. எங்கம்மா பேசற பாஷை பேசறவங்க, பிரதர். அவங்களைப் பாத்துக்கிட்டே ரொம்ப காலம் என் சீட்டுல உக்காந்திருந்தேன். அப்புறம் உக்கார முடியல. வேலையை விட்டுட்டு ஊழியத்துக்கு வந்ததே அதனாலதான்."

விமானம் ஓடத் தொடங்கியது. பாஸ்டர் தொப்பியைக் கழற்றி, தலைக்குமேல் தூக்கி ஆட்டினார். விமானம் மேலெழும்பி, புள்ளியாகி, மறைகிறவரைக்கும் கையை இறக்கவில்லை.

"உள்ளேருந்து பாத்தா தெரியுமோ தெரியாதோ. இந்த மண்ணுல அவங்க கடைசியா பாக்கறது வெறும் வேலியா இருக்கவேண்டாம்னுதான்."

ராமிரோ வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"தாரியோவை அனுப்பினதும் ஒரு செவ்வாய்க்கிழமைதான்."

"அன்னிக்கும் நின்னேன். அவன் அதுல இருக்கான்னு அப்போ எனக்குத் தெரியாது. வீட்டுக்குப் போனப்புறம்தான் மரிசோல் சொன்னா. உங்ககிட்ட வந்து என்னன்னு சொல்றது, பிரதர்? கையாட்டினேன்னா?"

ராமிரோ அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தான்.

"அவன் உங்களைப் பாத்திருக்கான், பாஸ்டர். ஊர் போய்ச் சேந்ததும் போன் பண்ணினான். 'வேலியோரம் நின்னு தொப்பியை ஆட்டினியே அண்ணே, பாத்தேன், அது போதும் எனக்கு'ன்னு அழுதான். அது நான் இல்லடான்னு சொல்ல இன்னிவரைக்கும் எனக்கு வாய் வரல."