இடைவேளையில் இறங்கிய நதி

ஓஷ் நகர விடுதியில் ஆற்றுத் தண்ணீர்ப் பேச்சுவார்த்தை நாலாவது வருடமாக இழுத்துக்கொண்டிருந்தது. மேட்டு நாட்டுப் பொறியாளர் புருலாய்க்கு அலுத்துவிட்டது. தேநீர் இடைவேளையில், கீழே இருக்கும் நாட்டின் அதிகாரி தாஹிர் கோப்பையோடு வந்து அவள் எதிரில் தொப்பென்று உட்கார்ந்தார்.

“உன் அணையால என் முலாம்பழக் கொல்லையெல்லாம் காஞ்சு கெடக்கு தங்கச்சி. நியாயமா இது?”

“குளிர்காலத்துல எனக்குக் கரண்டு வேணாமா அகா?” அண்ணனை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். “நீங்க எரிவாயு தருவீங்களா?”

“தர்றேன். உன் எல்லை வரைக்கும் குழாயை நானே போட்டுடறேன்.”

“பேச்சு மாற மாட்டீங்களே?”

தாஹிர் மேஜையில் இருந்த ரொட்டியைத் தொட்டார். “ரொட்டி மேல சத்தியம்.”

“சரி, போங்க. அணையை எடுத்துடறேன்.”

புருலாய் மடிக்கணினியைத் திறந்தாள். அணையை அழித்துவிட்டு, அங்கே நின்றுபோயிருந்த நதியின் நீலக் கோட்டை அவர் நாட்டுக்குள் இழுத்துவிட்டாள். தாஹிர் கையை நீட்டி எரிவாயுக் குழாயை வரைந்தார். பல ஊர்களில் இருக்கும் வரைபடக் கிறுக்கர்கள் இணையத்தில் கூடி வரைகிற, இல்லாத உலகம் அது. அங்கேயும் இவர்கள் பக்கத்து நாட்டுக்காரர்கள்தான்.

மணி அடித்தது. இருவரும் கழற்றி வைத்த கோட்டுகளை மாட்டிக்கொண்டு, அவரவர் கொடிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்கள்.

“இடைவேளையில ஏதாவது முன்னேற்றம் உண்டா?” என்று கேட்டார் கூட்டத் தலைவர்.

புருலாய் போன வருடக் காகிதத்தையே எடுத்து வாசித்தாள். “அணை விஷயத்தில் எங்கள் நிலைப்பாடு மாறவில்லை.”

“எரிவாயு விஷயத்தில் எங்களுடையதும்தான்,” என்றார் தாஹிர், கொட்டாவியை அடக்கிக்கொண்டு.