காற்றுக்குத் தாங்கும் பாத்திரம்

"ஏனுங்க, வெட்டவெளியில மூணு கல்லு வெச்சுச் சமைக்கோணும். எந்தப் பாத்திரம் தாங்கும்?" என்று கேட்டாள் காளியாயி.

ஏற்காட்டில் பாத்திரக்கடை வைத்திருந்த அங்கப்பன் சுறுசுறுப்பானார். "கேம்பு போட வந்தவங்களுக்குச் சமையலா? அலுமினியம் வேண்டாம்மா. காத்துல தீ ஒரே பக்கமா அடிச்சா நெளிஞ்சிரும். இந்தப் பித்தளைத் தேக்சா நல்ல கனம். எத்தனை பேரு?"

"நாப்பது பேரு இருப்போமுங்க, குழந்தைகளோட."

"எத்தனை நாளைக்கு?"

"தெரியலீங்க. மழை வந்தாலும் எந்திரிக்க மாட்டோம்."

"நொம்ப வீம்பான கூட்டந்தான்! அடியில சாம்பலைக் குழைச்சுப் பூசிக்க, கரி புடிக்காது. ஏம்மா, ஊட்டுல சட்டி பானை ஒண்ணுமில்லையா?"

"உள்ள மாட்டிக்கிச்சுங்க. சங்கத்துல சேர்ந்தோம்னு உங்க நாகலூர் எஸ்டேட்டுல நாங்க குடியிருக்கிற லைன் ஊட்டையெல்லாம் நேத்துப் பூட்டிட்டீங்களே."

அங்கப்பனின் கை தேக்சாவிலேயே நின்றது. தனக்குச் சொந்தமான அந்த எஸ்டேட் பக்கம் அவர் போவதே இல்லை. அங்கே கணக்கெழுதும் ரைட்டர் சொல்வதற்குத் தலையாட்டுவதோடு சரி. அங்கே வேலை செய்யும் ஒருவர் முகமும் அவருக்குத் தெரியாது.

"அடுப்பு எங்க மூட்டப் போறீங்க?"

காளியாயி பணத்தை மேசைமேல் வைத்துவிட்டுத் தேக்சாவைத் தலையில் ஏற்றினாள்.

"உங்க ஊட்டு வாசல்லதானுங்க. சாவி வர்ற வரைக்கும் எரியும்."