இறக்கைக்குப் பட்டு

என் தங்கையின் கணவன் பந்தினோவின் உயிர் முந்நூறு பொற்காசு பெறும். நான் அவனுக்குக் கொடுத்த சீதனம் அவ்வளவு. கணவன் செத்தால் சீதனம் பெண்ணின் பிறந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பது எங்கள் ஃபிளாரன்ஸ் நகரத்துச் சட்டம்.

பந்தினோ மரச்சட்டத்தில் இறக்கை செய்து, மணிக்கூண்டிலிருந்து பறக்கப்போவதாக ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தான். இறக்கைக்குப் பட்டு வாங்க என் கடைக்கே வந்தான்.

"வௌவால் மாப்பிள்ளைக்கு இல்லாத பட்டா?" என்றேன்.

"நக்கல் இருக்கட்டும் மச்சான். காசை வாங்கிக்கிட்டு நல்லதா குடுங்க. உயிர் விஷயம்."

"உங்க உயிர் என் பொறுப்பு."

நல்ல பட்டின் விலையை வாங்கிக்கொண்டு, ஆற்று வெள்ளத்தில் நனைந்து மட்கியதை மடித்துக் கொடுத்தேன். தங்கை ஒரெட்டாதான் உட்கார்ந்து தைத்தாள்.

பறக்கும் நாளன்று சதுக்கத்தில் முன்வரிசையில் இடம் பிடித்தேன். பந்தினோ வந்து என் பக்கத்தில் நின்றான்.

"நீங்க ஏன் இங்க? மேல யாரு?"

"எனக்குக் கனம் ஜாஸ்தியாம். ஒரெட்டா ஏறிட்டா."

கூண்டின் விளிம்பில் இறக்கை விரிந்தது.

"இறங்குடி! அது மட்கின பட்டு! கிழிஞ்சிடும்!" என்று அலறினேன்.

சதுக்கமே திரும்பிப் பார்த்தது. பட்டு வணிகர் சங்கத் தலைவரும்தான்.

"ஊசி ஏத்துறப்பவே தெரிஞ்சுது அண்ணா!" என்று மேலிருந்து கத்தினாள் ஒரெட்டா. "உன் வாயால ஊரே கேக்கட்டும்னுதான் ஏறினேன்!"

சங்கத்துக்கு அபராதம் இருநூறு, பட்டு விலையைத் திருப்பியதுபோக பந்தினோவுக்கு நஷ்டஈடு நூறு. ஆக, செலவு முந்நூறு. வரவேண்டிய முந்நூறோ தினமும் என் கடை வாசல் வழியாகச் சீட்டியடித்தபடி நடந்து போகிறது.