தடை உத்தரவு

“நாளைக்குக் காலையில இந்தச் சத்திரத்தைக் கொளுத்தியாகணும், சார்,” என்றார் டெஸ்மண்ட் அமைதியாக.

புராதனக் கட்டடங்களின் பாதுகாப்பு அதிகாரி ஹெஸ்கெத்துக்கு மீசை துடித்தது.

“கொளுத்துவீங்களா? நானூறு வருஷத்துச் சொத்துய்யா இது! யார்க்‌ஷயர்லயே இப்படி ஒண்ணு கிடையாது. தீக்குச்சியை உரசினாலே உள்ள தள்ளிடுவேன்!”

“நான் சொல்றதைக் கொஞ்சம்...”

“ஒண்ணும் சொல்ல வேணாம். இந்த உத்தரத்தைப் பாருங்க. அசல் ஓக் மரம். பூச்சி அரிச்ச ஓட்டைகூட என்ன அழகு! புகை படிஞ்ச சுவர்ல நாலு நூற்றாண்டு தெரியுது. இதைக் கட்டினவன் மகா கலைஞன்யா. உங்களுக்கு எங்க புரியப்போகுது?”

டெஸ்மண்டின் கண் கலங்கியது.

“இதை எழுத்துல குடுப்பீங்களா?”

“தடை உத்தரவுதானே? இப்பவே!”

“அந்த மகா கலைஞன் வரியையும் சேர்த்துக்கங்க, சார்.”

அதிகாரியின் கார் மறைந்ததும், உத்தரவை நெஞ்சோடு அணைத்தபடி டெஸ்மண்ட் தயாரிப்பாளருக்குப் போன் போட்டார்.

“நைஜல், நாளைக்கு வில்லன் தீ வைக்கலை. மனசு திருந்தி, ஒரு கப் டீ குடிச்சிட்டுப் போறான். கதையை மாத்தச் சொல்லு.”

“பைத்தியமாய்யா உனக்கு?”

“முப்பது வருஷமா கலை இயக்குநரா இருக்கேன். ஒரு விருது உண்டா? போன மாசம் ப்ளைவுட்டும் தெர்மாகோலும் வெச்சுப் போட்ட செட்டுக்கு, அரசாங்கமே முத்திரை குத்திக் குடுத்திருக்குடா!”